விடை வருமுன்

கைதவறித் தப்பான கடவுச்சொல்லை அடித்துவிட்டாள். தளம் உள்ளே விட்டது.

வெளியே வந்தாள். வேண்டுமென்றே 'அஅஅ' என்று அடித்தாள்.

அதற்கும் விட்டது.



அடித்து நொறுக்கும் புருஷன்களிடமிருந்து தப்பி வந்த பெண்களுக்காக ஒரு காப்பகம் நடத்தும் தளம் அது. ஒவ்வொருத்தியின் கணக்கிலும் அவள் இப்போது ஒளிந்திருக்கும் வீட்டு முகவரி இருக்கிறது.

நேற்று மாலை இவள்தான் நிரலை மாற்றினாள். பழைய முறையில், ஒருத்தியின் கடவுச்சொல்லைச் சரிபார்த்து முடிக்கும்வரை மற்ற எல்லோருக்கும் பக்கம் உறைந்து நிற்கும். புது முறையில் சரிபார்ப்பு ஒரு பக்கம் நடக்கும், மற்ற வேலைகள் அவை பாட்டுக்கு ஓடும். விடை வரும்வரை காத்திரு என்று ஒரே ஒரு சொல் மட்டும் எழுத வேண்டும்.

எழுதவில்லை, பாவி.

விடைக்குப் பதிலாக, 'விடை பிறகு வரும்' என்றொரு டோக்கன்தான் கைக்கு வந்தது. நிரலுக்கு என்ன தெரியும்? கையில் ஏதோ இருக்கிறது, அப்படியானால் சரி. வந்தவர்களையெல்லாம் உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தது.

அந்தச் சொல்லைச் சேர்த்தாள். தளத்தில் ஏற்றினாள். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை.

பதிவுகளைத் திறந்தாள்.

இவளை விட்டுவிட்டால், நேற்று மாலையிலிருந்து நுழைந்தவர்கள் இருபத்து மூன்று பேர். ஆளை உள்ளே விட்ட பிறகு ஆற அமர வந்து சேர்ந்த விடைகளும் பக்கத்திலேயே இருந்தன.

சரி. சரி. சரி.

ஒன்று மட்டும், தவறு.

பரிமளா. இன்று காலை 9.12. இதுவரை வராத ஒரு போனிலிருந்து. பார்த்தது ஒரே ஒரு பக்கம்.

முகவரி.

இப்போது மணி 11.40.

காப்பகத்து போனை எடுத்தாள். பரிமளாவின் எண்ணை அழுத்தினாள். மூன்றாவது தடவைதான் எண் சரியாக விழுந்தது.

"சொல்லுங்க மேடம். ரேஷன் கடைக்குப் போயிட்டு இப்பத்தான் மாடிப்படி ஏறுறேன். வாசல்ல ஆம்பள செருப்பு கிடக்கு. ஓனரம்மா சாவி குடுத்து யாரையோ உள்ள உக்கார வச்சிருக்காங்க போல. நீங்க அனுப்புன ஆளா?"

"இல்ல பரிமளா. சத்தம் காட்டாம கீழ இறங்குங்க. ரோட்டுக்கு ஓடுங்க. போனை வச்சிராதீங்க."

படியிறங்கும் சத்தம். மூச்சிரைப்பு. எதுவோ கீழே விழுந்து உருண்டது. கடவுளே, கடவுளே என்று இவள் உதடு தானாக முணுமுணுத்தது.

பிறகு, பஸ் ஹாரன்.

"மெயின்ரோட்டுல நிக்கிறேன். நாலு பேர் இருக்காங்க." பரிமளாவின் குரல் உடைந்தது. "அவன்தானே மேடம்? எங்கம்மாகிட்டகூட நான் சொல்லலயே. அட்ரஸ அவனுக்கு யாரு குடுத்தா?"

 

"நான்தான் குடுத்தேன்."