இஸ்திரி போட்ட பேச்சு

ஜெர்மனியின் அகதி அலுவலகத்துக்குள் வந்த பிப்ரவரி வெயில் மேசை விளிம்போடு நின்றுவிடுகிறது. கலஃப் தொலைபேசியை இரண்டு கையாலும் பிடித்து, சுவரிலுள்ள கல்யாணப் படத்தை விவரித்துக்கொண்டிருக்கிறார். பேச்சைக் கேட்டு ஊரைச் சொல்லும் இயந்திரம் மறுமுனையில் கேட்கிறது. கலஃப் சிரியாவில், யூப்ரடீஸ் ஆற்றங்கரையில் லாரி ஓட்டியவர். டயர் வெடித்தால் ஊரையே கூட்டும் அந்த வாயிலிருந்து இப்போது எல்லா அரபு நாட்டுக்கும் பொதுவான, செய்தி வாசிப்பவரின் அரபி வருகிறது, இஸ்திரி போட்டதுபோல, ஒரு சுருக்கமும் இல்லாமல். மொழிபெயர்ப்பாளர் சவ்சன் கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருக்கிறாள். காலையில் நடைவழியில் அவள்தான் சொன்னாள்: "அண்ணே, அதிகாரிங்க முன்னாடி லாரிக்காரப் பேச்சு வேணாம். பள்ளிக்கூடத்துல படிச்ச மாதிரி மரியாதையாப் பேசுங்க." இந்த இயந்திரம் வந்திருப்பது அப்போது அவளுக்குத் தெரியாது. கலஃப் தொலைபேசியை வைக்கிறார். அதிகாரி லூட்கே திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிறார்.

"சிரியாக்காரர் இல்லைன்னு வருது."

"மேடம், அவரு அப்படிப் பேசினதுக்குக் காரணம்..."

"நீங்க மொழிபெயர்த்தா போதும்."

தட்டச்சுச் சத்தம் தொடங்குகிறது. ஜெர்மன் புரியாத கலஃப் நெற்றியைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கம் சாய்கிறார். அன்று முதன்முறையாக, ஆற்று மணல் கரகரக்கும் சொந்த ஊர்ப் பேச்சு வருகிறது: "எப்புடித் தங்கச்சி? ஒரு சொல்லாச்சும் சறுக்குச்சா? நம்ம வாத்தி கேட்டிருந்தா அழுதிருப்பான்!"

"என்ன சொல்றார்?" என்கிறார் லூட்கே.

எந்த ஆற்றின் மணலும் ஒட்டாத ஜெர்மனில் சவ்சன் சொல்கிறாள்: "நல்லாப் பேசினேனான்னு கேக்குறாரு."