சாகச விரும்பி

“எனக்குப் பயமா இருக்கு டாக்டர். வேற எதுலயாவது போகலாமா?”

ரோலர் கோஸ்டர் வரிசையில் அவர்களுக்கு முன்னால் ஆறே பேர்தான் பாக்கி. அவள் அப்படிச் சொன்னதும் பல் டாக்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனாலும் முகத்தில் ஏமாற்றத்தை வரவழைத்துக்கொண்டு, “அடடா, இவ்வளவு தூரம் வந்துட்டு…” என்று இழுத்தார்.

தலைக்கு மேலே ரயில் தலைகீழாகப் புரண்டது. அதில் இருந்த அத்தனை பேரும் வீலென்று அலறினார்கள்.

“சரி, உங்களுக்காக விட்டுக்கொடுக்கறேன்” என்று சொல்லி முடிப்பதற்குள் அவர் வரிசையை விட்டு வெளியே வந்திருந்தார்.

எல்லாம் அக்கா செய்த வேலை. ஸ்டூலில் ஏறி பல்பு மாட்டவே ஆள் தேடுகிற தம்பியைப் பற்றி, ஜாதகத்தோடு அனுப்பிய விவரத்தில் ‘மணமகன் சாகச விரும்பி’ என்று அவள்பாட்டுக்கு எழுதிவிட்டாள். இரண்டு பேரும் தனியாகப் பேசிப் பார்க்கட்டும் என்று பெரியவர்கள் சொன்னபோது, இந்தப் பொழுதுபோக்குப் பூங்காவைத் தேர்ந்தெடுத்தவளும் அவள்தான்.

போட்டோவில் பார்த்த அன்றே அவருக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது. ஏதோ இன்ஜினியரிங் கம்பெனியில் ஆய்வுப் பிரிவில் வேலையாம். ஃபைல் புரட்டுகிற உத்தியோகமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். இன்று மாலைக்குள் அவள் முடிவைச் சொல்ல வேண்டும். அந்த ரயிலில் ஏறித் தான் ஒரு முறை அலறியிருந்தால் அது என்ன முடிவாக இருந்திருக்கும் என்பதில் டாக்டருக்குச் சந்தேகமே இல்லை.

“அதுல போலாமா?” என்று அவள் கைகாட்டினாள்.

‘மழைத்துளியின் பயணம்’ என்று பலகை சொன்னது. நடந்து போகிறவர்கூட முந்திவிடக்கூடிய ஒரு படகு. கடல் நீர் மேகமாகி, மழையாகி, ஆறாகி, வீட்டுக் குழாய்க்கு வந்து சேர்கிற கதையைப் பதினேழு நிமிடத்துக்கு ஒரு குரல் பாடம் நடத்தும். வரிசை என்ற ஒன்றே அங்கு இல்லை.

படகில் உட்கார்ந்ததும் மடிக்குக் குறுக்கே வந்த கம்பியை அவள் இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள். பாவம், எவ்வளவு பயம் என்று டாக்டர் உருகினார்.

“பயப்படாதீங்க, ஒண்ணும் தெரியாது. என்கிட்ட பல் பிடுங்க வர்றவங்ககிட்டயும் இதைத்தான் சொல்வேன்.”

“சொன்னா பயம் போயிடுமா?”

“எனக்குப் போயிடும்” என்றார். அவள் சிரித்துவிட்டாள்.

பஞ்சு மேகங்களுக்கு அடியில் படகு ஊர்ந்தது. ஓர் இயந்திரத் தவளை தண்ணீரிலிருந்து எகிறியபோது டாக்டரும் கூடவே எகிறினார். “உங்களுக்கு முன்னெச்சரிக்கையா இருக்கட்டுமேன்னு…” என்று சமாளித்துக்கொண்டார்.

குகைக்குள் நுழைந்ததும் படகு நின்றுவிட்டது. விளக்குகள் அணைந்தன. பாடம் நடத்திய குரலும் பாதி வாக்கியத்தில் வாயை மூடிக்கொண்டது.

அவள் ஒரு கணம் தலையைச் சாய்த்துக் கேட்டாள். “சென்சார்ல ஏதோ பட்டிருக்கு. ரெண்டு நிமிஷத்துல கிளம்பிடும்” என்றாள். தனக்குத்தானே தைரியம் சொல்லிக்கொள்கிறாள் என்று டாக்டர் நினைத்தார்.

பின் இருக்கையில் ஒரு சிறுமி விசும்பத் தொடங்கினாள். டாக்டருக்கே நெஞ்சு அடித்துக்கொண்டுதான் இருந்தது. இருந்தாலும் இருட்டில் திரும்பி, “பாப்பா, உனக்கு எத்தனை பல்லு இருக்கு? நாக்காலயே தொட்டு எண்ணிச் சொல்லு பார்ப்போம்” என்றார்.

விசும்பல் நின்றது. “இருபத்தி ரெண்டு… இல்ல, ஒண்ணு ஆடுது. அதையும் எண்ணலாமா?”

“ஆடுறதுக்கு அரை மார்க்.”

“எனக்கு இருபத்தெட்டு டாக்டர்” என்று பக்கத்திலிருந்தும் ஒரு குரல் வந்தது.

படகு மறுபடி நகர்ந்தபோது சிறுமி சிரித்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்ததும் அவள் கைப்பேசியை எடுத்தாள். அவரைப் பார்த்துக்கொண்டே, “அம்மா, எனக்குச் சம்மதம்மா. ஆமா, இவர்தான். யோசிக்க ஒண்ணும் இல்ல” என்றாள்.

டாக்டருக்குத் தரையில் கால் பாவவில்லை. வாசலை நோக்கி நடக்கும்போது ரோலர் கோஸ்டர் மறுபடியும் தலைக்கு மேலே உறுமிக்கொண்டு போனது. இப்போது அதுகூட அவருக்கு அழகாகத் தெரிந்தது.

“கல்யாணம் ஆகட்டும். இந்தப் பயத்தையெல்லாம் நான் போக்கிடறேன்” என்றார், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. “என் கையைப் பிடிச்சுக்குங்க. ஒரே ஒரு தடவை ஏறிட்டா போதும், அப்புறம் நீங்களே இறங்க மாட்டீங்க.”

“மேடம்! மேடம்!”

ரோலர் கோஸ்டரை இயக்குகிற நீலச் சட்டை ஊழியர் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

“வரிசையில உங்களைப் பார்த்தேன், கூப்பிடறதுக்குள்ள காணோம். நாளைக்கு லீவு போட்டுடாதீங்க மேடம். இன்னிக்கு உங்களுக்குப் பதிலா சோதிக்க வந்த சார், மூணு ரவுண்டு போய்ட்டு வந்து கையெழுத்துப் போட்டார். அப்பப் படுத்தவர் இன்னும் எழுந்திரிக்கலை. தினமும் காலையில காலி வண்டியில தனியா ஏறி, பத்து ரவுண்டு போய்ட்டு வந்து காபி கேக்கறதெல்லாம் உங்களாலதான் முடியும்!”

அவர் வணக்கம் வைத்துவிட்டுப் போய்விட்டார். டாக்டர் திறந்த வாயை மூடவில்லை.

அவள் அவர் கையை மெல்லப் பற்றிக்கொண்டாள்.

“பயப்படாதீங்க டாக்டர், எங்க வீட்டுல சொல்ல மாட்டேன்.”