சுவரில் வளர்ந்தவள்

தங்கம் பிரித்த கழிவு மண் குவிந்த பாலகாட் சயனைடு மேட்டுக்குப் பின்னால், ஷிப்டுக்குப் போனவர்கள் மட்டும் நடந்து தேய்ந்த ஒற்றையடிப் பாதை. தங்கச் சுரங்கம் மூடி நாலு மாதமாகிறது. பெங்களூரிலிருந்து ஊர் சுற்ற வந்த ரஷ்மிக்குத் துணையாக வந்த வின்னியும் இதில் முதன்முறையாக நடக்கிறாள். பாழடைந்த பம்ப் ஹவுஸின் பின்சுவரில் சாயங்கால வெயில் விழுகிறது. அங்கே, சுரங்கத்துக்குள் ஆள் இறக்கும் கேஜுக்கு அடிக்கும் சிவப்பு பெயின்டில், வரிசையாகப் பதினோரு சிறுமிகள். இல்லை, ஒரே சிறுமிதான். தவழ்கிறாள், நிற்கிறாள், பள்ளிக்கூடப் பையை மாட்டுகிறாள், இரட்டைப் பின்னலோடு சிரிக்கிறாள். காலடியில் வருஷங்கள், தொண்ணூற்றொன்றிலிருந்து இரண்டாயிரத்தொன்றுவரை. சுரங்கத்தில் வேலை பார்த்த வின்னியின் புருஷன் கிறிஸ்டோ, கிறிஸ்துமஸ் குடிலுக்கு வரையும் சிறகு வைத்த சம்மனசுகளின் அதே கண்கள். மேலே ‘எலைன்’ என்று எழுதியிருக்கிறது. பதினோரு வருஷத்துக்கு முன், பிறந்த நாற்பதாம் நாள் புதைத்த தங்கள் பிள்ளையின் அந்தப் பெயரை அவன் வீட்டில் ஒருநாளும் சொன்னதில்லை. வின்னி அழுதால் எழுந்து வெளியே போய்விடுவான். கல்நெஞ்சக்காரன் என்று எத்தனை முறை திட்டியிருக்கிறாள்! கடைசிச் சிறுமியின் பக்கத்தில் போய் நிற்கிறாள். சிறுமி அவள் தோள்வரை வந்திருக்கிறாள்.

“எவ்ளோ அழகா இருக்கு! இது யாரு அக்கா?” ரஷ்மி கேமராவைத் தூக்குகிறாள்.

“எம் பொண்ணு.”

“ஓ! என்ன படிக்கிறா?”

பின்னலில் படிந்த தூசியை வின்னி முந்தானையால் துடைக்கிறாள்.

“ஆறாவது போவுதும்மா.”