வண்டிக் கதவின் நிலைக்கால்

லண்டன் தெருவில் வெயில் மங்கிக்கொண்டிருக்கிறது. அகதிகளைத் திருப்பி அனுப்பாதே என்ற அட்டையை மடியில் வைத்துக்கொண்டு நடுரோட்டில் உட்கார்ந்திருக்கிறாள், எண்பதைத் தாண்டிய நாடக நடிகை ஃப்ரீடா லாண்டவ். "அம்மா, எழுந்திரும்மா. ராத்திரி நாடகம் இருக்கு. நெஞ்சுவலி மாத்திரை வேற எங்கிட்ட இருக்கு," என்று தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று கெஞ்சுகிறாள் மகள் நவோமி. "இதுவும் நாடகந்தான்டி. டிக்கெட்டே இல்லாம எவ்ளோ கூட்டம் பாரு!" சுற்றிலும் சிரிப்பு. இரண்டு போலீஸ்காரிகள் அவளைக் கைத்தாங்கலாக வண்டிக்கு நடத்திப் போகிறார்கள். நவோமியின் கையில் மாத்திரை டப்பா கலகலக்கிறது. வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம், யூதர்களின் வழக்கப்படி வாசல் நிலைக்காலில் சிறு பேழைக்குள் பதித்த மறைச்சுருளைத் தொட்டு முத்தமிடும் அம்மாவின் கை, இப்போது வண்டிக் கதவின் வெற்று இரும்பைத் தொட்டுவிட்டு உதட்டுக்குப் போகிறது. கூட்டம் கைதட்டுகிறது. மேடையில் ஒருநாளும் நடுங்காத அந்த விரல்கள் நடுங்குவதை நவோமி மட்டும் பார்க்கிறாள்.