சிரட்டையில் ஒரு டீ

தொழுநோய் ஒழிப்புச் சங்கத்துக்காக ஊர் ஊராகத் தெருநாடகம் போட்ட அந்த நாட்களில், நோயாளி வேஷம் எப்போதும் எனக்குத்தான். ஓர் ஊரில், எங்கள் ‘தொட்டா ஒட்டாது’ பாட்டுக்கு முன்வரிசையில் நின்று கண்கலங்கிய டீக்கடைக்காரர், மைதாமாவுப் புண்களைக் கழுவாமல் டீ குடிக்கப் போன எனக்கு மட்டும் தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றினார்.

“வேஷந்தாண்ணே இது.”

“தெரியுது தம்பி. இருந்தாலும்…”

பக்கத்தில் கண்ணாடி டம்ளரில் குடித்துக்கொண்டிருந்த எங்கள் டோலக்குக்காரர் சேசுராஜ் விழுந்து விழுந்து சிரித்தார். எங்கள் குழுவில் அந்த நோய் நிஜமாகவே வந்து குணமானவர் அவர் ஒருவர்தான்.

“எனக்குச் சிரட்டை பழக்கம்டா. நீ இதுல குடி” என்று பாதி டம்ளரை என்னிடம் நீட்டினார்.

அந்தச் சிரிப்பு இன்னும் காதில் கேட்கிறது. டம்ளரின் விளிம்பை என் கட்டைவிரல் துடைக்கும்வரை அது நிற்கவே இல்லை.