நடந்து போகும் திருடன்

அறையில் இருந்தவர்கள்: முதலாளி லியாவ். கணினிப் பாதுகாப்புக்கென்று இருக்கும் ஒரே ஆள், தெங். விற்பனைப் பிரிவு சூ-ஃபென் அக்கா. சர்வர் மக்கர் பண்ணாமலிருக்க, ஊர் நம்பிக்கைப்படி அதன் தலையில் வைத்திருந்த பச்சைப் பொட்டலச் சோளப்பொரி. நால்வரில் ஒழுங்காக வேலை பார்த்தது பொரி மட்டும்தான்.

வராதவர், முதலாளியம்மா பாவ்-ஜூ. தன் சொந்த அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று ஹுவாலியன் ஊருக்குப் போயிருந்தார்.

"கம்பெனி கம்ப்யூட்டரோட தலைமைக் கணக்குல எவனோ பூந்திருக்கான்," என்றார் லியாவ். "இன்னிக்குள்ள பிடி. இல்லேன்னா உன் சாமானை அட்டைப்பெட்டியில போட்டுக்கிட்டுக் கிளம்பு."

தைச்சுங்கில் இருக்கும் அந்தக் கம்பெனி, முதலாளியம்மாவின் அப்பா ஆரம்பித்த லேத் பட்டறை. லியாவ் தைப்பேயிலிருந்து வந்த மாப்பிள்ளை. கத்துவது மட்டும் அவர் சொந்த உழைப்பு.

தெங் திரையைத் திருப்பிக் காட்டினான். "முந்தாநாள் ஜாங்ஹுவா. நேத்து ஷிலோ. இன்னிக்கு ஷின்காங். இந்த ஊருங்கள்லேருந்து நம்ம ஆளுங்க யாருமே கணக்குக்குள்ள நுழைஞ்சதில்ல."

"அதுக்கென்ன இப்போ?"

"வழக்கமா திருடன் காலையில இங்க இருப்பான், டீ ஆறுறதுக்குள்ள பிரேசில்ல இருப்பான். அந்த வேகத்தை வெச்சுத்தான் பிடிப்போம். இவன் ஒரு நாளைக்கு ஒரு ஊருதான் தாண்டறான். நடந்து போறான் சார்."

"சோம்பேறி நாய்! போலீசைக் கூப்பிடு. என்னத்தையெல்லாம் எடுத்தான்?"

"ஒண்ணும் எடுக்கல. டெலிவரி தேதி ரெண்டு தப்பா இருந்துச்சு, திருத்தி வெச்சிருக்கான். அப்புறம் உங்க ஃபோல்டர் ஒண்ணு..." தெங் தொண்டையைச் செருமினான். "'மூல வியாதி வைத்தியம்'னு பேரு. அதுக்குள்ள ரொம்ப நேரம் இருந்திருக்கான்."

சூ-ஃபென் சிரிப்பை இருமலாக மாற்றினாள். லியாவின் முகம் வெளுத்தது.

"போலீஸ் வேண்டாம். கணக்கை மட்டும் முடக்கு. உடனே!"

"இதுல என்ன சார் வெட்கம்? எங்க மாமாவுக்கும் இருக்கு," என்றாள் சூ-ஃபென்.

"நீ உன் போனைப் பாரு!"

அவள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வருஷா வருஷம் ஊர் ஊராகப் போகும் மாட்ஸு அம்மன் பல்லக்கோடு நடக்க இந்த வருஷம் யாருக்கும் லீவு கிடையாது, ஏற்றுமதி அவசரம் என்று சொல்லிவிட்டார் லியாவ். அதனால் பல்லக்கு இப்போது எங்கே போகிறது என்று போனில் வரும் வரைபடத்தைப் பார்த்துத்தான் அவள் கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

திடீரென்று எழுந்து போனைத் திரையோடு ஒட்டிப் பிடித்தாள். "தெங், இங்க பாரு. ஜாங்ஹுவா, ஷிலோ, ஷின்காங்... அம்மனும் இதே வழிதான்டா!"

திரையில் திருடனின் புள்ளியும் போனில் அம்மனின் புள்ளியும் ஒரே தெருமுனையில் இருந்தன.

"பல்லக்குலயே ஏறி உட்காந்துட்டானா?" என்றான் தெங்.

"லட்சம் பேர் நடக்கறாங்க. அதுல அவன் யாருன்னு எப்படிடா தெரியும்?" என்று சீறினார் லியாவ்.

"கேட்டாத் தெரியும் சார். 'உள்ளே வந்தது நீங்கள்தானா?'ன்னு ஒரு கேள்வி அனுப்பறேன். கணக்கோட சொந்தக்காரர் போனுக்கு மட்டும்தான் போகும்."

அனுப்பினான். மேஜை மேலிருந்த லியாவின் போன் அசையவே இல்லை. ஆனால் திரையில் பதில் வந்து விழுந்தது: 'ஆம், நான்தான்.'

லியாவ் தன் போனைப் பாம்பைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு அதை வாரிக்கொண்டு படிக்கட்டுக்கு ஓடினார். "டேய் தம்பி, எல்லாத்தையும் அழிச்சுடுடா!" என்று போனில் கத்தும் குரல் மட்டும் அறைக்குள் மிஞ்சியது.

தெங்கின் போன் அடித்தது. எடுத்தால் ஒரே மேளமும் வெடிச்சத்தமும்.

"முதலாளியம்மா? ஹுவாலியன்ல ஏதும் கல்யாணமா?"

"என்ன கல்யாணம்! லீவு கேட்டா எனக்கே தரமாட்டாரு. அதான் பொய் சொல்லிட்டு நடக்கறேன், அம்மன் மன்னிப்பா," என்றார் பாவ்-ஜூ, மூச்சு வாங்க. "கம்பெனிக் கணக்கு என் பேர்லதானே இருக்கு, போற வழியில டெலிவரி தேதியைப் பார்க்கலாம்னு திறந்தேன். மனுஷனுக்கு மூலம்னு ஒரு நாள் சொன்னதில்லையேன்னு அந்த ஃபோல்டரையும் பார்த்தேன்."

"மருந்துச் சீட்டா?"

"எங்கப்பா ராத்திரி பகலா வரைஞ்ச மெஷின் படம் அத்தனையும். திருட்டுத்தனமா தன் தம்பியோட புதுப் பட்டறைக்கு அனுப்பிட்டிருக்காரு. ஆள் எங்க இப்போ?"

"வெளிய, படிக்கட்டுல."

மெல்ல மூடிக்கொண்டிருந்த கதவு பொருந்தியது. பூட்டு 'க்ளிக்' என்று விழுந்தது. வெளியே லியாவ் தன் நுழைவு அட்டையைத் தேய்க்கும் சத்தம். சிவப்பு விளக்கு. மறுபடி தேய்க்கும் சத்தம். மறுபடி சிவப்பு.

"தெங்! கதவைத் திறடா!"

தெங் போனைக் காதோடு ஒட்டிக்கொண்டான். "அம்மா, இன்னிக்குள்ள திருடனைப் பிடிக்கலேன்னா எனக்கு வேலை இல்லேன்னு சொல்லியிருக்காரு."

"அவர் அட்டையை இங்கிருந்தே முடக்கிட்டேன். திருடனை வெளிய வெச்சுப் பூட்டியாச்சு, பாரு தம்பி."