அரைக்கட்டை

பாட வேண்டியவர் மைக்கின் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

ஒத்திகை இன்னும் தொடங்கவே இல்லை.

"சனிக்கிழமை கச்சேரிக்கு வேற ஆளப் பாருங்க."

கிதாரைத் துடைத்துக்கொண்டிருந்த கென்னடி நிமிரவில்லை. டிரம்ஸுக்குப் பின்னால் இருந்த டெஸ்மண்ட் குச்சியால் முதுகைச் சொறிந்தபடி கேட்டார்.

"ஏன், உனக்கு அன்னிக்கிக் கல்யாணமா?"

அவர் சிரிக்கவில்லை. போனை எடுத்து நீட்டினார். படிக்க என்ன இருக்கிறது. மூவருக்கும் மனப்பாடம்.

மூவரின் லெவல் கிராசிங் என்ற ராக் குழு இருபத்தாறு வருடம் கழித்து மறுபடி சேர்ந்து ஒரு ஆல்பம் போட்டிருந்தது. எல்லாம் புதுப் பாட்டு. கடைசியில் மட்டும் அந்தப் பழைய 'லாரித் தண்ணி'. ஒரு காலத்தில் கேசட்டில் வந்து வியாசர்பாடி முதல் தாம்பரம் வரை ஹாஸ்டல் ஹாஸ்டலாகக் கத்திய பாட்டு. அதைத் திரும்பப் பாடியிருந்தார்கள்.

கேட்டவர்கள் நேராக அதற்குத்தான் போனார்கள்.

புதுப் பாட்டுகளை ஒருவரும் திட்டவில்லை. கேட்டிருந்தால்தானே.

'கேசட்டில் இருந்த தீ இதில் இல்லை.'

'அங்கிளுக்கு மூச்சு வாங்குது.'

'மற்றவர்கள் அப்படியே இருக்கிறார்கள். பாடகர்தான் முடிந்துவிட்டார்.'

கடைசியாகச் சொன்னதை அவர் நம்பினார். தொண்டை டாக்டரிடம் போனார். தொண்டையில் ஒன்றும் இல்லை என்றார் டாக்டர். டாக்டரை அவர் நம்பவில்லை.

அன்றிலிருந்து குளியலறையில்கூடப் பாடுவதில்லை.

"அப்படி என்னதான்டா இருக்கு அந்தக் கேசட்டுல," என்றார் கென்னடி. "போடு, கேப்போம்."

டெஸ்மண்ட் பழைய டெக்கைத் தூசி தட்டிக் கேசட்டைப் போட்டார். கென்னடி மடியில் இருந்த கிதாரில் கூடவே வாசித்தார்.

ஒட்டவில்லை.

சுருதி பார்த்தார். சரியாக இருந்தது. மறுபடி வாசித்தார். மறுபடியும் ஒட்டவில்லை. விரலை ஒரு கட்டம் மேலே நகர்த்தினார்.

கச்சிதமாகப் பொருந்தியது.

"சுருதி அரைக்கட்டை ஏறியிருக்கு."

"டெக்கு வேகமா ஓடுது போல."

வேறொரு கேசட்டைப் போட்டார்கள். ஏதோ படப் பாட்டு. அது அதன் சுருதியில் ஒழுங்காக நின்றது.

ஆக, டெக் இல்லை. நகல் எடுத்த இடத்தில் மெஷின் வேகமாக ஓடியிருக்கிறது. ஊரெல்லாம் போன அத்தனை கேசட்டும் அப்படித்தான் போயிருக்கிறது. பாட்டு அரைக்கட்டை மேலே. நடை கொஞ்சம் விரசாக. குரல் அஞ்சு வயது இளமையாக.

இத்தனை வருடம் இது யாருக்கும் தெரியாமல் போனதற்கு ஒரே காரணம் அட்டைப் படம். அதில் பாடகரின் முகம் மட்டும்தான் இருந்தது. கென்னடியும் டெஸ்மண்டும் கோபத்தில் அந்தக் கேசட்டின் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. அந்த வாரமே குழு உடைந்தது.

அவர் பிரித்தார். கேட்டார். பலமுறை கேட்டார்.

தான் அவ்வளவு நன்றாகப் பாடியிருப்பதாக நினைத்துக்கொண்டார்.

"அப்ப உன் குரல் எங்கயும் போகல," என்றார் கென்னடி.

"வந்ததே இல்லன்னு வேணா சொல்லலாம்." டெஸ்மண்ட் இருமல் வரும்வரை சிரித்தார்.

"என் கிதாரும்தான் அரைக்கட்டை எறங்கியிருக்கு. அத எவனாச்சும் கவனிச்சானா பாரு."

இதற்கு அவரும் சிரித்தார். சுருட்டிய ஒயரைப் பிரித்துப் போட்டார். உரக்க ஒரு வரி பாடிப் பார்த்தார். நன்றாகவே இருந்தது. அன்றைக்கு எப்படிப் பாடினாரோ அப்படியே.

"எழுதிப் போடு," என்றார் டெஸ்மண்டிடம். "எல்லாருக்கும் தெரியட்டும்."

குழுவின் இணையப் பக்கத்தில் டெஸ்மண்ட் எழுதிப் போட்டார். கேசட் வேகமாகப் பதிந்துவிட்டது, நீங்கள் இப்போது கேட்பதுதான் அசல் குரல், அன்றும் இதேதான். அவ்வளவுதான் எழுதினார்.

டீ வந்தது. குடித்தார்கள்.

பதில்கள் வரத் தொடங்கின. பாதிப் பேர் சிரித்தார்கள். ஒருவர் மன்னிப்புக் கேட்டார். அதை அவர் இரண்டு முறை படித்தார்.

பிறகு யாரோ ஒருவர் வேலையைக் காட்டினார். இப்போது பாடிய 'லாரித் தண்ணி'யை அரைக்கட்டை ஏற்றி, கேசட் வேகத்துக்கு ஓட்டி, கீழேயே போட்டுவிட்டார்.

மூவரும் கேட்டார்கள்.

அதேதான். எந்தக் குரல் போய்விட்டது என்றார்களோ அந்தக் குரல். இழுத்துக் கட்டிய கம்பி மாதிரி.

அதற்குக் கீழே கூட்டம் கூடியது.

'இதுதான்யா எங்க ஆளு!'

'கண்ணுல தண்ணி வந்துருச்சு.'

'சனிக்கிழமை இந்தச் சுருதியில பாடுங்க அங்கிள். இது மட்டும் போதும்.'

அவர் போனைக் கவிழ்த்து வைத்தார்.

கீழே ஃபிளெக்ஸ் அடிக்கும் கடையின் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

கென்னடி கிதாரின் முதல் கம்பியை முறுக்கினார். தட்டிப் பார்த்தார். இன்னும் கொஞ்சம். அடுத்த கம்பிக்குப் போனார். யாரும் அவரைச் செய்யச் சொல்லவில்லை. யாரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

"அறுந்துடப் போவுதுடா," என்றார் அவர்.

"அறுந்தா வேற போட்டுக்கலாம்."

ஆறாவது கம்பியும் ஏறி நின்றது.

டெஸ்மண்ட் குச்சிகளை ஒன்றோடொன்று தட்டி எண்ணினார். வழக்கத்தைவிடச் சற்று வேகமாக.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.